ஏழாம் மாடியில் கூட்டம்

மதியச் சாப்பாடு முடிந்தால் அவளுக்குக் கண் சொக்கும். அன்றும் கணினி முன்னால் கன்னத்தில் கைவைத்தபடியே கனவுக்குள் நழுவினாள்.

கனவில் ஒரு மாடிக் கட்டடம். கொதிக்கிற, நெருக்கியடிக்கிற பிளாஸ்மாவில் எந்த ஆற்றல் மட்டத்தில் எத்தனை அணுக்கள் இருக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் பிழைப்பு. ஆகவே கனவிலும் மாடி மாடியாகத் தலை எண்ணினாள். எலக்ட்ரான்கள் வந்து முட்ட முட்ட, அணுக்கள் மிதந்து மேலேறின. முட்டுப்பட்டு இறங்கவும் செய்தன. ஏழாம் மாடியில் மட்டும் ஜேஜே என்று கூட்டம். எல்லோரும் இளவெயிலில் சுகமாக நின்றிருந்தார்கள்.

"கீழே போகலையா?" என்று ஒருவரைக் கேட்டாள்.

"போகலாம்தான், படிக்கட்டு எங்கே?" என்றார் அவர் சாவகாசமாக. "ஒண்ணு ரெண்டு பேர் ஜன்னல் வழியா ஒளியாக் குதிக்கிறாங்க. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லம்மா."

விழித்ததும், அந்தக் கணக்கைப் போடும் கணினி நிரலைத் திறந்தாள். ஏழாம் மட்டத்துக்கு முட்டி ஏற்றும் வரி இருந்தது. முட்டி இறக்கும் வரி இல்லை. எல்லா மட்டங்களின் பங்கையும் கூட்டினால் மொத்தம் ஒன்று என்று சரியாக வந்துவிடும், அதனால் ஆறு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் கூட்டம் வீசும் ஒளியின் பளிச்சென்ற நிறமாலைக் கோட்டைத்தான் புதுக் கண்டுபிடிப்பு என்று தம்பட்டம் அடித்திருந்தாள். அதை நம்பி, கீழ்த்தளத்தில் லேசர் இயக்கும் அவளுடைய அண்ணன் ஒளியை அளக்கும் கருவியை அந்தக் கோட்டுக்கே திருப்பி வைத்திருந்தான். இன்னும் பத்து நிமிடத்தில் ஒரு உலோகத் தகட்டை லேசரால் சுட்டுப் பிளாஸ்மாவாக்குவார்கள். இருப்பது ஒரே தகடு.

வரியைச் சேர்த்து ஓட்டினாள். ஏழாம் மாடி வெறிச்சோடியது, கோடு இருந்த இடம் தெரியவில்லை. பேசாமல் இருந்தால் பழியைத் தகட்டின் தலையில் கட்டிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு போனை எடுத்தாள்.

"அண்ணா, சுட்டுடாதே. தப்பு என்னோடது. ஏழுலேருந்து இறங்க நான் வழி வைக்கல."

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அண்ணன் யாரிடமோ சொல்வது மறுமுனையில் கேட்டது.

"ஊரையே கூட்டி வச்சிருக்கேனே," என்றான் பிறகு. "இயக்குநர்கூட வந்து உக்காந்திருக்கார். என்னன்னு சொல்றது?"

"நானே வந்து சொல்றேன்."

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மாடிப்படியில் இறங்கினாள். கீழ்ப்படியில் அண்ணன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"மெதுவா இறங்கு," என்றான். "நீ சொல்றப்போ நானும் கூட நிக்கிறேன்."