அறுபது ஒட்டிய சோபா

ஊரிலிருந்து சகலை வந்து இறங்கிய மறுநாளே வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்ததுதான் கணக்கருக்கு நேர்ந்த சோதனை.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா சாவி வாங்க வருவாள். வீட்டிலோ வாசலிலோ ஒரு துரும்பு கிடந்தாலும் அட்வான்ஸில் கை வைப்பாள். அந்த அட்வான்ஸை நம்பித்தான் கணக்கர் புது வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சாமான்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சம் ஒரே ஒரு சோபா. உட்கார்ந்தால் முனகும், எழுந்தால் அதைவிட அதிகமாக முனகும். புது வீட்டு வாசலில் அது நுழையவும் நுழையாது.

கணக்கர் பிழைக்கப் போயிருந்த அந்த வெளிநாட்டில் பெரிய சாமானைத் தூக்கிப் போட நகராட்சிக்குக் காசு கட்ட வேண்டும். கட்டிய தொகையை அச்சடித்து ஒரு ஸ்டிக்கர் தருவார்கள். ஒட்டி வாசலில் வைத்தால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். ஸ்டிக்கர் இல்லாததை விரலால்கூடத் தொட மாட்டார்கள். கணக்கர் அறுபது கட்டி, சோபாவின் முதுகில் ஸ்டிக்கரை ஒட்டி, சகலையோடு சேர்ந்து தூக்கி வந்து வாசலில் வைத்தார்.

சகலைக்கு ஊரில் பழைய இரும்புக் கடை. காலி பாட்டில், கிழிந்த பேப்பர், துருப்பிடித்த ஆணி, எதைக் கொண்டு போனாலும் எடை போட்டுக் காசு கொடுப்பவர். அவரிடம் போய், "பொருளையும் கொடுத்து, மேற்கொண்டு காசும் கொடுக்கிறேன்" என்று சொல்லக் கணக்கருக்கு நாக்கு எழவில்லை. "இங்க தெருவெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும் சகலை, ஜனங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்று வருஷக்கணக்காகப் போனில் அளந்து விட்டவர் அவர்.

"இது என்ன ஸ்டிக்கர், சகலை?"

"அதுவா... சும்மா. இந்த ஊர் வழக்கம். நீங்க கொஞ்சம் இங்கேயே நில்லுங்க. நான் மேலே போய் அடுப்படியைத் துடைச்சுட்டு வந்துடறேன்."

எண்ணெய்ப் பிசுக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது லாரி வந்து நின்ற சத்தமும் கிளம்பிய சத்தமும் கேட்டன. அப்பாடா என்று கணக்கர் கை கழுவிவிட்டு இறங்கி வந்தார்.

சோபா அங்கேயே இருந்தது. அதன் மேல் சகலை, கால் மேல் கால் போட்டுக்கொண்டு.

"லாரி வரலையா?"

"வந்துச்சே! எதிர் வீட்டம்மாவோட உளுத்துப்போன அலமாரியை ஏத்திக்கிட்டுப் போச்சு."

"சோபா?"

"அதை எதுக்கு அவங்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுக்கணும்? வித்தாச்சு!" சகலை நோட்டுகளை விசிறி போல விரித்தார். "அறுபதுன்னு விலை ஒட்டி வெச்சிருக்கீங்களே, இந்த முனகலுக்கு எவன் கொடுப்பான்? முப்பதுக்கு முடிச்சேன். எதிர் வீட்டுத் தையல்காரம்மாதான். பேரமே பேசலை, பாவம். ஸ்டிக்கரை மட்டும் பதமா உரிச்சு எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. அடையாளத்துக்குப் போல!"

கணக்கர் சோபாவின் முதுகைப் பார்த்தார். ஸ்டிக்கர் இருந்த இடம் மொட்டையாக இருந்தது. அறுபது கட்டி வாங்கிய ஸ்டிக்கர் பாதி விலைக்குக் கை மாறி, எதிர் வீட்டு அலமாரியோடு லாரி ஏறிப் போய்விட்டது. அவர் தொப்பென்று உட்கார்ந்தார். சோபா முனகியது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"தூக்கிப் போடறதுக்குக் காசா!" சகலைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க கடையில இதுக்கு மரம் தனி, ஸ்பிரிங் தனின்னு விலை போடுவோமே, சகலை!"

மாடி ஜன்னலிலிருந்து கணக்கரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வீட்டுக்காரம்மா கிளம்பிட்டாங்களாம்!"

சகலையின் சிரிப்பு சட்டென்று நின்றது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே போய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார். கணக்கர் பின்னாலேயே ஓடினார்.

"அம்மா, நீங்க வாங்கின சோபா வாசல்லயே கிடக்கு. எங்கே கொண்டு வந்து போடட்டும்?"

கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரம்மா விழித்தாள். "நான் வாங்கினது ஸ்டிக்கரைங்க."

"நான் வித்தது சோபாவை. ஸ்டிக்கர் அதோட வந்த இனாம். சோபா வேணாம்னா தாராளமா முப்பதை வாங்கிக்குங்க. ஸ்டிக்கரை இருந்தபடி திருப்பிக் கொடுத்துடுங்க."

அது இந்நேரம் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறதோ! தையல்காரம்மா லாரி போன திசையை எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால், அலமாரி இருந்த இடம் பளிச்சென்று காலியாகத் தெரிந்தது. அதன் பக்கத்தில் தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெண் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கிப் போடேம்மா," என்றாள் அவள். "உன் கடைக்கு வந்தாலே கால் கடுக்குது. எவ்வளவு நேரந்தான் நிக்கிறது?"

சோபாவின் கடைசிக் கால் எதிர் வீட்டு வாசலைத் தாண்டவும் வீட்டுக்காரம்மா தெரு முனையில் திரும்பவும் சரியாக இருந்தது. அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல், மனசே இல்லாமல் அட்வான்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

கணக்கர் தெருவுக்கு வந்து மூச்சு விட்டார். சகலை அந்த முப்பதை நீட்டினார். கணக்கர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அதை அப்படியே அவருடைய சட்டைப் பையில் திணித்தார்.

"வெச்சுக்குங்க, சகலை. இந்த ஸ்டிக்கர் விஷயம் மட்டும் ஊர்ல யாருக்கும் தெரிய வேணாம்."

சகலை நோட்டுகளை வெளியே எடுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அதுக்கு ரேட்டு அறுபது. பேரம் கிடையாது."