நாயைக் கட்டியாச்சா

அந்தத் தெருவில் எல்லா வீட்டுச் சாவியும் வில்மார் தெச்சேராவிடம்தான் இருந்தது. அவர் ஒன்றும் பூட்டுக்காரர் அல்ல, ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர். ரயில் நின்றுபோய்ப் பல காலம் ஆகிறது. பிள்ளைகள் தலைநகர் மோன்டெவிடேயோவுக்கும் ஸ்பெயினுக்கும் போன பிறகு தெருவில் மிஞ்சியதெல்லாம் நரைத்த தலைகள். அவற்றில் எழுபதைத் தொடாதவர் இவர் ஒருவரே. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அந்தத் தெருவுக்கு வில்மார்தான் வாலிபர்.

கண்டம் முழுக்கக் கிழடு தட்டுகிறது என்று பல நாட்டு அமைச்சர்கள் கூடி மாநாடு போட்டார்கள். மதியச் சாப்பாடு பலமாக இருந்ததாகக் கேள்வி. அவர்கள் பேசியதில் இந்த ஊர்வரை வந்துசேர்ந்தது கழுத்தில் தொங்கவிடும் ஒரு சிவப்புப் பொத்தானும், பேசும் பெட்டி ஒன்றும்தான். தனியாக இருப்பவர் விழுந்தால் பொத்தானை அழுத்தவேண்டும். தலைநகரில் உட்கார்ந்திருக்கும் பெண் பெட்டி வழியாகப் பேசுவாள். பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து ஆளை அனுப்புவாள். நல்ல யோசனைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஓடிவரக்கூடிய அக்கம்பக்கத்தார் இரண்டு பேரின் பெயரைச் சொன்னால்தான் அது கிடைக்கும். எல்லாரும் வில்மார் பெயரைச் சொன்னார்கள், வீட்டுச் சாவியையும் கொடுத்துவைத்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சாவிகள் மட்டும் அவர் சமையலறை ஆணியிலேயே தங்கிவிட்டன. காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசி முணுமுணுக்கும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்காது. கழற்றிப் போடவும் மனம் வரவில்லை.

கடைசியாகப் போனவள் எதிர்வீட்டு ஒஃபேலியா. விடிந்ததும் ஒருவர் வீட்டுப் போனை மற்றவர் இரண்டு முறை மணியடிக்க விட்டு வைத்துவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். நான் உயிரோடு எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அதன் பிறகு அவள் மாத்தே என்கிற கசப்புத் தேநீர் குடிக்க வருவாள். வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளிக்கதவருகே நின்று கத்துவாள்.

"கிழவா, நாயைக் கட்டியாச்சா? கட்டினாத்தான் உள்ள வருவேன்!"

"அதுக்குப் பல்லே இல்ல, ஒஃபேலியா."

"ஈறாலயே கடிக்கும். உன் வளர்ப்பாச்சே!"

"நான் விழுந்து கிடந்தாலும் இப்படித்தான் வாசல்ல நின்னு கத்துவியா?"

"வருவேன்டா, வராம எங்க போவேன்? ஆனா நாயைக் கட்டிட்டு விழு."

குளிர்காலத்தில் நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் இறந்தாள். வசந்தம் வந்தபோது நாயும் போயிற்று. எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார். வலென்சியாவில் இருக்கும் ஒஃபேலியாவின் மகள் அம்மா வீட்டுப் போனைத் துண்டிக்க மனமில்லாமல் விட்டுவைத்திருந்தாள். வில்மாரும் விடிந்ததும் அந்த எண்ணைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. பூட்டிய வீட்டுக்குள் இரண்டு முறை மணி அடிக்கும். எடுத்துவிடுவாளோ என்று பயம்; எடுக்கமாட்டாளே என்று துக்கம்.

ஸ்டேஷன் மாஸ்டர் தார்தோ கதை வேறு. பொத்தானே வேண்டாம், சாவி மட்டும் உன்னிடம் இருக்கட்டும் என்றவர். சமையலறையில் விழுந்து, நாற்காலிக் காலைப் பிடித்தபடியே எத்தனை நாள் கிடந்து செத்தாரோ, சாவி போட்டுத் திறந்து பார்த்தவர் வில்மார்தான். தரையில் நகக்கீறல்கள் இருந்தன. அதைப் பார்த்த பிறகு வில்மாருக்குச் சாவு பயமாக இல்லை. யாரும் வராமல் தரையில் கிடப்பதுதான் பயம்.

எனவே எழுபது ஆனதும் பொத்தானுக்கு மனுப் போட்டார். ஜனவரிக் கோடை வெயிலில், ஊரே மதியத் தூக்கம் போடும் நேரத்தில், அடுத்த ஊர் அலுவலகத்திலிருந்து யனீனா என்ற பெண் வந்தாள்.

"ரெண்டு பேர் சொல்லுங்க, ஐயா. கூப்பிட்டா உடனே நடந்து வர்றவங்களா இருக்கணும்."

"பார்சிலோனாவுல மகன் இருக்கான்."

"அவரு நடந்தா வருவாரு?"

"பேர் இல்லாட்டி?"

"பெட்டி குடுக்க மாட்டாங்க. வேணும்னா நகரத்து முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போடறேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான். வில்மார் ஆணியைப் பார்த்தார்.

"ஒஃபேலியா. எதிர்வீடு. அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் தார்தோ."

யனீனா எண்களைக் குறித்துக்கொண்டு, "ஒரு தடவை அடிச்சுப் பார்த்துடறேன்," என்று தன் போனை எடுத்தாள். வில்மார் கையை நீட்டித் தடுத்தார்.

"இந்த நேரத்துலயா? மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தா ஒஃபேலியா உன் ஏழு தலைமுறையையும் சந்திக்கு இழுப்பா. நீ எந்த ஊர்ப் பொண்ணு?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தலைநகரத்துக்காரியாக இருந்தால் அடித்திருப்பாள். இந்தப் பக்கத்து மண்ணில் பிறந்தவள், மதியத்தில் சத்தம் போட்டதற்காகச் சின்ன வயதில் அம்மாவிடம் அடி வாங்கியவள். போன் பைக்குள் போயிற்று. சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றாள். சாயங்காலத்துக்கு வேறு வேலை வந்திருக்கும். பெட்டியும் பொத்தானும் மட்டும் வந்து சேர்ந்தன.

அதே மாதம், அதே மதிய நேரத்தில், கெட்டிலை எடுக்கத் திரும்பிய வில்மார் சமையலறைத் தரையில் விழுந்தார். இடுப்பில் ஏதோ மடக்கென்றது. காலை அசைக்க முடியவில்லை. தார்தோவின் நகக்கீறல்கள் கண்ணுக்குள் வந்தன. பொத்தானை அழுத்தினார்.

"சொல்லுங்க, ஐயா," என்றது அலமாரிமேல் இருந்த பெட்டி. இளம் பெண் குரல்.

"விழுந்துட்டேன், தாயி. இடுப்பு."

"பயப்படாதீங்க. ஆம்புலன்ஸ் நகரத்துலருந்து வர நேரம் ஆகும். முதல்ல உங்க ஆளுங்களைக் கூப்பிடறேன்." சற்றுப் பொறுத்து, "தார்தோ நம்பர் வேலை செய்யல. ஒஃபேலியாவுக்குப் போடறேன்," என்றாள்.

தெருவுக்கு அப்பால், பூட்டிய வீட்டுக்குள், மணி அடிக்கத் தொடங்கியது. சாத்திய ஜன்னல்களைத் தாண்டி அவருக்குத் தெளிவாகக் கேட்டது. ஒன்று. இரண்டு. அதோடு நிற்கும் என்று காது தானாகவே காத்திருந்தது. நிற்கவில்லை, அடித்துக்கொண்டே போயிற்று. எடுக்க ஆளில்லாத வீட்டைக் காவலுக்குச் சொல்லிவைத்த தன் புத்தியை நினைத்து அவருக்கு அழுகை வந்தது.

மணி நின்றது.

"எடுத்துட்டாங்க, ஐயா," என்றாள் பெண். "உடனே வர்றாங்களாம். அவங்க வந்து பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் ஆம்புலன்ஸ் அனுப்பலாம். ஆனா ஒண்ணு கேட்கறாங்க."

"என்ன?"

"நாயைக் கட்டியாச்சான்னு."

வில்மார் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். ஒஃபேலியா போன பிறகுதான் நாய் போயிற்று. அவளுக்கு எப்படித் தெரியும், பாவம். ஆணியில் அவள் வீட்டுச் சாவி மற்றவற்றோடு அசையாமல் தொங்கியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்: அவள் செத்துவிட்டாள், வண்டியை அனுப்பு. வண்டி வரும். ஆஸ்பத்திரி, அப்புறம் நகரத்து இல்லம், முகம் தெரியாதவர்கள்.

எதிர்வீட்டில், மழைக்கு உப்பிப்போய்த் தோளால் முட்டினால்தான் திறக்கும் அந்தக் கதவை யாரோ முட்டித் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஐயா? இருக்கீங்களா? என்ன சொல்லட்டும்?"

"கட்டியாச்சு," என்றார் வில்மார். "வரச் சொல்லுங்க."