மூன்றாம் மனைவியின் இடம் காலி

லுபெர்ட் வாகனாரின் விமானக் கம்பெனிக்கு வரலாறு எழுதுவது சுலபம். அவருடைய கல்யாணங்களை வரிசையாகச் சொன்னால் போதும். துலிப் கிழங்கு விற்ற காசில், பட்டாளம் கழித்துப் போட்ட டகோட்டா விமானம் ஒன்றை வாங்கி, மழையில் நனைந்து அலுத்துப்போன சனங்களை ஸ்பெயின் வெயிலுக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தார். அதன் மூக்கில் நீல எழுத்தில் மனைவி அலைடாவின் பெயர். கூரை ஒழுகும்; உள்ளே குடை பிடித்துக்கொண்டு பறந்தவர்கள் உண்டு. அலைடா விவாகரத்து வாங்கியதும் டகோட்டாவும் விலைக்குப் போனது. அடுத்து நாலு விசிறி வைத்த பெரிய விமானம், இரண்டாம் மனைவி கோரியின் பெயரில். அவளும் போனாள், விமானம் ஐஸ்லாந்தில் மீன் சுமக்கப் போனது. மூன்றாவதுதான் ஜெட், மரைகே. கோடையில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவுக்கு ஓடும், குளிர்காலத்தில் கனடாவில் வாடகைக்கு ஓடும். போன மாதம் மரைகே ஒரு டென்னிஸ் வாத்தியாரோடு கிளம்பிவிட்டாள். இந்த முறை விமானத்தை விற்க பேங்க் விடவில்லை. பெயரை மட்டும் வெள்ளையடித்து மறைத்தார்கள்.

மூன்று மனைவிகளையும் பார்த்தவள் யிட்ஸ்கே. டகோட்டா காலத்திலிருந்து டிக்கெட் எழுதியவள், சீட்டு ஒதுக்கியவள், ஸ்பெயினில் உருளைக்கிழங்கு சரியில்லை என்று வீட்டிலிருந்து மூட்டை கட்டி வருகிறவர்களோடு எடைக்காகச் சண்டை போட்டவள். அவளுக்கு ஒரே ஓர் ஆசை. அந்த வெள்ளைத் திட்டில் தன் பெயர் வர வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. ஃப்ரீஸ்லாந்து என்ற நாட்டுப்புறத்துக்காரி, புல்லுக்கு மேலே தலையை நீட்டினால் அரிவாள் வரும் என்று கேட்டு வளர்ந்தவள்.

மே மாதம் சீசன் தொடங்குவதற்குள் பெயர் வைத்தாக வேண்டும். கூட்டம் போட்டார்கள். அந்த ஊரில் கூட்டம் போடாமல் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டார்கள். காபி வந்தது. பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடியாயிற்று.

"நம்ம யிட்ஸ்கே பேரை வெச்சா என்ன?" என்றார் தலைமை விமானி வுபோ. "இவ யாரோடயும் ஓடிப்போக மாட்டா."

யிட்ஸ்கேவுக்குக் காது வரை சூடேறியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உனக்கு வேணுமா?" என்றார் லுபெர்ட்.

"ஐயோ, எனக்கெதுக்கு அதெல்லாம்," என்றாள் அவள்.

வேறு ஊராக இருந்தால் 'அட, சும்மா இரு' என்று இன்னும் இரண்டு தரம் கேட்டிருப்பார்கள். அவளும் மூன்றாவது தரம் தலையைக் குனிந்திருப்பாள். இங்கே சொன்ன சொல்தான் சொல்.

"சரி, வேணாமாம். அடுத்தது?" என்றார் லுபெர்ட்.

அடுத்தது கணக்குப்பிள்ளை ரூர்த். இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். "பொம்பளைங்க பேரை வெச்சு நமக்கு நஷ்டம்தான் மிச்சம். ஒரு கடலை வெண்ணெய்க் கம்பெனி அந்த இடத்தைக் கேக்குது. காசு தராங்க."

யாருக்கும் பிடிக்கவில்லை; யாருக்கும் ஆட்சேபனையும் இல்லை. அங்கே அதற்குப் பெயர்தான் ஒருமனதான முடிவு. பெயின்டரைக் கூப்பிடும் வேலை வழக்கம்போல யிட்ஸ்கேவின் தலையில் விழுந்தது.

தன் அறைக்குப் போய் ஃபோனை எடுத்தாள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க! மூன்று பேருக்குக் கிடைத்த இடம், அதுவும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு. இத்தனை வருஷம் ஓடாமல் இருந்தவளுக்குக் கடலை வெண்ணெயா? பெயின்டரைக் கூப்பிடாமலே ஃபோனை வைத்துவிட்டுக் கூட்டத்துக்குத் திரும்பினாள்.

"எனக்கு வேணும்," என்றாள் வாசலில் நின்றபடியே. "அந்த இடத்துல என் பேரு வேணும்."

"இப்பதானே வேணாம்னே?" என்றார் லுபெர்ட்.

"அது மரியாதைக்குச் சொன்னது."

"யாருக்கு மரியாதை?" லுபெர்ட்டுக்கு நிஜமாகவே புரியவில்லை. "வேணும்னா வேணும்னு சொல்றதுக்கென்ன? ரூர்த், கடலையை வால்ல எழுதிக்கோ."

வாலுக்குக் காசு குறைச்சலாகத்தான் தருவார்கள் என்று ரூர்த் முனகினார். வுபோ இருமி அவர் வாயை அடைத்தார். முடிந்தது.

பெயின்டர் எழுதி முடித்த அன்று யிட்ஸ்கே ஏணிக்குக் கீழே நின்று, அக்கம்பக்கம் பாராமல் அழுதாள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. காலைக் காபி ஆறுவதற்குள் ஊரிலிருந்து அக்கா ஃப்ரௌக்யாவின் ஃபோன்.

"ஏண்டி, பிளேன்ல பேர் எழுதிக்கிற அளவுக்கு உனக்குத் தலைக்கனமா? சர்ச்சுல என்னை எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க. அம்மா இருந்திருந்தா வெக்கத்துலயே செத்திருப்பா."

நான் கேட்கவில்லை, அவர்களாக வைத்தது என்று யிட்ஸ்கே சொல்லியிருக்கலாம். அக்காவும் சமாதானம் ஆகியிருப்பாள்.

"ஆமாக்கா, தலைக்கனம்தான்," என்றாள். "நல்லா இருக்குக்கா."