மான்முடிப் பொய்மீன்

மீன் கடிக்கிறது, தூண்டில் கம்பு வளைகிறது, அடுத்த நொடி மீன் போய்விடுகிறது. ஜூன் மாதத்திலிருந்து மெனாமினி ஆற்றில் இதே கதைதான். ஆரின் ஹாஸ்கலுக்கு மண்டை காய்ந்துவிட்டது.

மீன்கள் கடிப்பது மான்முடியால் அவன் கையாலேயே கட்டிய பொய்மீனை, மீனை ஏமாற்றும் போலி இரையை. அதைக் கம்பில் கட்டி வீசுபவன் லேலண்ட், ஆரினின் மனைவி பெர்னிஸுக்கு அண்ணன். இருவரும் சேர்ந்து படகு வாங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. வாங்கிய அன்றே போட்ட சட்டம் ஒன்று உண்டு. முன்னால் நிற்பவன் மீன் பிடிப்பான், நடுவில் இருப்பவன் துடுப்பு வலிப்பான். முன்னால் நிற்பவன் ஒரு மீனைப் படகில் ஏற்றிவிட்டால் இடம் மாறியே ஆகவேண்டும். ஏற்றாதவரை மாற்றம் கிடையாது.

முன்பெல்லாம் காசு சுண்டித்தான் யார் முதலில் என்று முடிவு செய்வார்கள். இந்த வருடம் லேலண்ட் அடம்பிடித்தான். "மான் நான் சுட்டது. முடி என் மானோடது. அப்ப நான்தான முதல்ல?" என்றான். ஆரினும் விட்டுக்கொடுத்தான். விளைவு, கோடை முழுவதும் நாலு தடவை ஆற்றுக்குப் போயும் ஆரின் துடுப்பை விட்டுக் கையை எடுக்கவில்லை. லேலண்ட் ஒரு பாஸ் மீனைக்கூடப் படகில் ஏற்றவில்லை. இத்தனைக்கும் அந்த ஆற்றில் லேலண்ட் மீனைத் தவறவிட்டு யாரும் பார்த்ததில்லை.

தப்பு பொய்மீனில்தான் இருக்கவேண்டும் என்று ஆரின் முடிவுகட்டினான். கட்டுகிறவன் வேறு எப்படி யோசிப்பான்?

பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்துவிட்டு வந்து, கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவி, அடுக்களை மேஜையில் உட்கார்ந்துவிடுவான். தூண்டில் முள்ளை இடுக்கியில் மாட்டி, வாலுக்கு மான்வால் முடியை நீளமாக வைத்துக் கட்டுவான். தலைக்கு மட்டும் உடம்பு முடி. பனிக்காலத்து மானின் உடம்பு முடி உள்ளே பொள்ளலாக இருக்கும். பென்சில் பருமனுக்கு ஒரு கற்றை எடுத்து, அடிப்பஞ்சைச் சீவித் தள்ளி, முள்தண்டின் மேல் வைத்து நூலை இரண்டு சுற்றுத் தளர்வாகச் சுற்றிச் சுண்டி இழுத்தால், முடி சிலிர்த்துக்கொண்டு நாலாபுறமும் நிற்கும். அப்படிக் கற்றை மேல் கற்றையாக நெருக்கிக் கட்டிவிட்டு, சவர பிளேடால் செதுக்கினால் அகலமான மீன்தலை. அடிப்பக்கத்தை மட்டும் ஒட்ட வெட்டவேண்டும். இல்லையென்றால் முடி முள்ளின் வாயை அடைத்துக்கொள்ளும், மீன் கடித்தாலும் மாட்டாது.

அங்கேதான் கோளாறு என்று நினைத்தான். வெட்டினான். அடுத்த தடவை இன்னும் வெட்டினான். முனையைக் கல்லில் தீட்டி, நகத்தில் வைத்துப் பார்த்தான். வழுக்காமல் வைத்த இடத்தில் நின்றது, அவ்வளவு கூர்மை.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அலங்காரம் பண்ணமாட்டாங்க," என்றாள் பெர்னிஸ்.

"உங்க அண்ணன் கையில மட்டும் ஏன் மாட்டமாட்டேங்குது?"

"அவன்கிட்டயே கேளேன். என்னை எதுக்கு முறைக்கிற?"

கேட்டுப் பார்த்தாகிவிட்டது. வீசியதைத் திருப்பிக் கேட்டால், "பாறையில மாட்டிப் போயிடுச்சு மாப்ள," என்பான் லேலண்ட். நாலு தடவையும் பாறை. ஒரு சனிக்கிழமை ஆரின் அதே மாதிரி ஒன்றைக் கல்குவாரிக் குட்டையில் தனியாகப் போய் வீசிப் பார்த்தான். ஒரு மணி நேரத்தில் ஐந்து மீன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தான்.

செப்டம்பரில் ஐந்தாவது தடவை போனார்கள். தண்ணீர் தெளிந்து, கரையோரப் பாறைகளுக்கிடையில் சிறுமீன்கள் தெரிந்தன. லேலண்ட் முதுகைக் காட்டிக்கொண்டு பொய்மீனைத் தூண்டில் நூலில் கட்டினான். ஒன்பது மணிக்குள் மூன்று மீன் அடித்தன, மூன்றும் போயின.

"தலை பெருசு மாப்ள. பூசணிக்காய் மாதிரி இருக்கு," என்றான்.

"போன தடவ சிறுசுன்ன!"

"அப்படியா சொன்னேன்?"

அடுத்த வீச்சு கரையோரக் கிளையில் போய்ச் சிக்கியது. ஆரின் படகைக் கிளைக்குப் பக்கத்தில் நிறுத்தி, எழுந்து கையை நீட்டிப் பொய்மீனை எடுத்தான். தலை சரியாக இருந்தது. அடிப்பக்கம் ஒட்ட வெட்டியிருந்தது. ஆனால் முள்ளுக்கு முனை இல்லை. குறடால் கச்சிதமாக நறுக்கி எடுத்திருந்தார்கள்.

கிளையைப் பிடித்தபடியே நின்றான். நறுக்கியது யார் என்பதில் சந்தேகமில்லை, ஏன் என்றுதான் புரியவில்லை. பொறாமையா? கேலியா? மூன்று மாதம் ஒருவனைத் துடுப்பு வலிக்கவைத்துப் பார்ப்பதில் அப்படி என்ன சுகம்? பெர்னிஸின் அண்ணன் என்று பார்க்காமல் தண்ணீரில் தள்ளிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தொப்பியில் குத்தியிருந்த இன்னொரு பொய்மீனை எடுத்து, நறுக்கியது இருந்த இடத்தில் கட்டிவிட்டான்.

"ம், வீசு மச்சான்."

மூழ்கிய மரத்தடிக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டு இழுப்பு. தண்ணீர் குழிந்தது. கம்பு வளைந்தது, வளைந்தபடியே நின்றது. லேலண்ட் திரும்பிப் பார்த்த பார்வையில் சந்தோஷம் இல்லை. பயந்த முகம். ஆரின் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் கைவலையோடு குனிந்தான். பழுப்பும் பொன்னுமாக, முழங்கை நீளத்துக்குப் பெரிய மீன். படகில் ஏற்றி, முள்ளைக் கழற்றி, மீனை ஆற்றில் விட்டான்.

"இடம் மாறு," என்றான்.

"இன்னொண்ணு பிடிச்சுட்டு மாறலாமே."

"சட்டம் சட்டம்தான் மச்சான். நீ போட்டதுதான."

லேலண்ட் நடுவில் போய் உட்கார்ந்தான். ஆரின் நங்கூரத்தைத் தூக்கினான். கீழே தண்ணீர் பாறைகளுக்கு நடுவே இறங்குகிற இடம். லேலண்ட் ஒரு தடவை வலித்தான், இரண்டு தடவை வலித்தான். மூன்றாவதில் இடது துடுப்பு அவன் கையிலிருந்து வழுக்கிப் போனது. விரல்கள் அதைத் தேடிப் போயின, மூடிக்கொள்ளவில்லை. படகு குறுக்கே திரும்பிப் பாறையில் மோதியது. ஆரின் பாய்ந்து அவனை ஒதுக்கித் தள்ளி, இரண்டு துடுப்பையும் பிடித்துக் கீழே அமைதியான தண்ணீருக்குக் கொண்டுபோய் நிறுத்தினான்.

ஆரின் அவன் விரல்களைப் பார்த்தான்.

"எப்பலேர்ந்து?"

"மார்ச். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் முதல்ல போச்சு. நரம்பாம். நூல் இழுக்கலாம். துடுப்பு நிக்காது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? மூணு மாசமா நான் பைத்தியக்காரன் மாதிரி முடி வெட்டிட்டு இருந்தேன்!"

"சொன்னா நீ என்ன பண்ணுவ? முன்னாடி உக்கார வெச்சு ஊர்வலம் கூட்டிட்டுப் போவ. விருந்தாளி மாதிரி. எனக்கு அது வேணாம். பாதிப் படகு என்னுது."

ஆரினுக்குக் கோபம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அதன் மேல் துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு தடவையும் இவன் குளிர்ந்த காலையில் முதுகைத் திருப்பிக்கொண்டு நல்ல முள்ளை நறுக்கியிருக்கிறான். மாட்டாத முள்ளைப் பகல் முழுக்க வீசியிருக்கிறான், மீன் ஏறினால் துடுப்பைப் பிடிக்கவேண்டும், கை காட்டிக்கொடுத்துவிடும், வீட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதற்காக. இவன் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

கைவலை காலடியில் ஈரமாகக் கிடந்தது. ஆரின் அதையே பார்த்தான்.

"அந்த மீனை வலையில அள்ளினது யாரு?"

"நீதான்."

"படகுல ஏத்தினது?"

"நீ. அதுக்கென்ன இப்ப?"

"அப்ப அது என் மீன். மீன் ஏத்தினவன் துடுப்பு. எழுந்து முன்னாடி போ."

லேலண்ட் அவனை முறைத்தான். "பதினாறு வருஷமா நீ பிடிச்சதுக்கெல்லாம் நான்தானடா வலை போட்டேன்."

"அந்தக் கடனுக்கு உனக்கு நான் நிறைய வலிக்க வேண்டியிருக்கு. போ, போ."

லேலண்ட் முன்னால் போய் நின்றான். பொய்மீனைக் கையில் எடுத்து முள்ளின் முனையை நகத்தில் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் வீசாமல் நின்றான். ஆரின் துடுப்பை வலித்துக்கொண்டிருந்தான். சாய்ந்த மரம் ஒன்று வந்தபோது லேலண்ட் வீசினான். கம்பு வளைந்தது.

"வலையை எடு மாப்ள!" என்று கத்தினான் லேலண்ட், திரும்பிப் பார்க்காமலே. "உன் மீன் வருது!"