நடுப் பத்தி

பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாமல் போன வருஷம், இத்தலார் பக்கம் பாலகுமார் தன் எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டிவிட்டுப் பங்களாவை விடுதியாக்கினார். அதற்கு வெப்சைட் செய்ய இந்துமதியை அழைத்தார். அவள் அந்த எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள் என்பது அவருக்குத் தெரியாது. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அவள் அம்மா காத்தாயி இப்போது கேரட் தோட்டத்துக் கூலி.

"பேப்பர்ல வர்ற மாதிரி மூணு பத்தியா இருக்கணுங்க," என்றார் பாலகுமார்.

இந்துமதி, பக்கத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி எழுதினாள். அவர் தந்த எஸ்டேட் வரலாறு தானாகவே பக்கம் பக்கமாக மூன்று பத்திகளாகப் பிரிந்து நின்றது. 'தொழிலாளர்களைக் குடும்பத்தினராகவே' என்ற இடத்தில் மட்டும் நீளச் சொற்கள் பத்தியின் எல்லைக்கோட்டைத் தாண்டி அடுத்த பத்தியில் இடித்தன. சரிசெய்வதற்காக அதையே திரும்பத் திரும்பப் படிக்க நேர்ந்தது.

"கடைசியில இந்தப் படம்," என்று அவர் ஒன்றைக் காட்டினார்.

முதுகில் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தாள் காத்தாயி.

இந்துமதி படத்தைச் சேர்த்தாள். உயரமான படம் மூன்றாவது பத்தியை முழுக்க அடைத்துக்கொள்ள, எழுத்தெல்லாம் முதல் இரண்டில் ஒதுங்கி, நடுப் பத்தி பாதியிலேயே நின்றுவிட்டது.

"காலியா கெடக்குதே! அந்தம்மா சொல்ற மாதிரி நாலு வரி சேருங்க. மொதலாளி எங்களுக்கு அப்பா மாதிரின்னு."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா சார்?"

"யாரு போய்க் கேக்கப் போறாங்க?"

"இது எங்கம்மா."

அவர் முகம் மலர்ந்தது. "அட, நல்லதாப் போச்சு! ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுருங்க."

"என்னால முடியாதுங்க," என்று இந்துமதி படத்தை நீக்கினாள். எழுத்து முழுவதும் நகர்ந்து, மூன்று பத்தியும் சமமாக வந்து நின்றது.

"அருமைங்க! இதுவே போதும்," என்றார். முகத்தில் சங்கடத்தின் நிழல்கூட இல்லை. டீ வரவழைத்தார். அவள் அதைத் தொடாமல், மீதி வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

இரவு சாப்பிடும்போது காத்தாயியிடம் நடந்ததைச் சொன்னாள்.

"அந்தப் போட்டோவா? தொரை சிரிக்கச் சொன்னாக, சிரிச்சேன்," என்றாள் காத்தாயி, நகத்திலிருந்த சேற்றை நோண்டியபடி. "காலெல்லாம் அட்டை கடிச்சு ரத்தம். அது படத்துல வரலியா?"