பழைய டேப்லெட்டுக்கு ஒரு வாசல்

1

இந்தக் கதை என் காதில்தான் பிறந்தது. ஜாலான் துக்காங் எமாஸ் என்கிற தெருவின் விநாயகர் கோயிலில் பிரசாதத்துக்கு நின்றபோது, பின்னாலிருந்து ஒரு வயதான பெண்குரல்: "சர்வர மாத்திக்க. கதவ மட்டும் பூட்டாத." நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகம் தெரிந்துவிட்டால் எனக்குக் குரல் கேட்காமல் போய்விடும்.

முதல் தொடக்கம்: 'காஜா பெராங்கில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு—' (வேண்டாம். மழையை வைத்து ஏக்கத்தைக் காட்டுவது சோம்பேறித்தனம்.)

2

அவளுக்குப் பாக்கியலட்சுமி என்று பெயர் வைத்தேன். டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காஜா பெராங் பகுதியிலுள்ள வீட்டில், தொலைக்காட்சிக்குக் கீழே, ஒரு பழைய கணினியை சர்வராக ஓடவிட்டுத் தன் இணையதளத்தை நடத்துகிறாள். அது சூடேறி அடிக்கடி நின்றுவிடுகிறது. தம்பி தேவதாஸ் புதியது வாங்கி வந்திருக்கிறான். அதில் எந்த வெப் சர்வர் மென்பொருளைப் போடுவது என்பதில்தான் சண்டை.

"அப்பாச்சி பழசுக்கா. என்ஜின்எக்ஸ் போட்டா நீ எழுதி வச்ச ரூல்ஸ் எல்லாம் மறுபடி எழுதணும். கேடி போடுவோம். பூட்டு தானா போட்டுக்கும்."

"கேடின்னு பேர் வச்சதயா நம்புற?"

"விளையாடாதக்கா. பூட்டில்லாத வெப்சைட் இப்ப எவன் வச்சிருக்கான்லா?"

"நான்."

(பூட்டு: முகவரிக்குப் பக்கத்தில் தெரியுமே, அந்தச் சின்னம். நடுவில் யாரும் எட்டிப் பார்க்காமல் காக்கும். மிகப் பழைய கருவிகளால் இன்றைய பூட்டுகளைத் திறக்க முடியாது, பக்கமே வராது.)

3

அவள் ஏன் மறுக்கிறாள்? இங்கேதான் உமையாளைக் கொண்டுவந்தேன். பள்ளித்தோழி. சுதந்திரத்தன்று இருவரும் ஒரே கொடியைப் பிடித்துக்கொண்டு— (கொடி வேண்டாம். ஒரே கிண்ணத்தில் ஐஸ் கச்சாங், மலாய்க் கடைச் சீவல் ஐஸ்.) உமையாளின் அப்பா குடியுரிமைக்கு மனுப் போடவில்லை, செட்டிநாட்டுக்குத் திரும்பிவிடுவோம் என்றே இருந்தார். அறுபத்தொன்பது கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேண்டிய வேலை பெர்மிட் கிடைக்காமல் குடும்பமே கப்பலேறியது. சில வருடங்களில் கடிதங்களும் நின்றன.

பாக்கியத்தின் தளத்தில் அவர்கள் வகுப்புப் படம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து யாரோ, மிகப் பழைய டேப்லெட் ஒன்றில், அந்தப் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். சர்வரின் வருகைப் பதிவில் தெரிகிறது.

"உமையாள்தான்."

"ரோபோக்கா. டேப்லெட்னு பொய் சொல்லிட்டுச் சுத்துற புரோகிராம்."

"ரோபோவுக்கு அந்தப் படத்துல என்னடா வேல?"

"உமையாளக்கான்னா ஒரு வரி எழுத மாட்டாங்களா?"

(அவளுக்காக நான் நான்கு பதில்கள் எழுதி அடித்துவிட்டேன்.)

4

இந்தத் தேவதாஸை எனக்குப் பிடிக்கவில்லை. கதையிலிருந்தே எடுத்துவிடப் பார்த்தேன். அப்போதுதான் அவன் சொன்னான்:

"ஒண்ணு செய்வோம்க்கா. கேடி போட்டுப் பூட்டிப் பார்ப்போம். ரோபோன்னா புதுப் பூட்டையும் திறந்துட்டு வந்துடும். நெச டேப்லெட்டுன்னா வர முடியாது."

"அப்ப, வந்தா அது அவ இல்ல."

"ஆமா."

"வராட்டித்தான் அவ."

"தெரிஞ்சதும் திறந்து விட்டுடலாம்லா."

"ஏன்டா, எங்க வயசுல ஒரு வீடு பூட்டிக் கெடந்தா என்ன நெனைப்பாங்க? பாக்கியம் போய்ட்டான்னு நெனைச்சுக்குவா. திரும்ப வந்து தட்டுவாளா?"

5

ஒரு முடிவு: அப்பாச்சியையே போட்டு, வாசலைத் திறந்தே வைக்கிறாள். டேப்லெட் வந்து போகிறது. யாரென்று கடைசிவரை தெரிவதில்லை.

இன்னொன்று: பூட்டுகிறாள். வருகை நின்றுவிடுகிறது. அவள் அழுகிறாள், சந்தோஷத்தில் அல்ல, சந்தோஷமும்தான், ஆனால்— (முடிக்க வரவில்லை.)

பூட்டிய பிறகும் வருகை தொடர்வதாக ஒரு முடிவு உண்டு. அதை எழுத எனக்குக் கை ஓடவில்லை.

புதுக் கணினியின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"சொல்லுக்கா. எத ஏத்த, அப்பாச்சியா கேடியா?"

இதற்குப் பின் எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உங்களுக்கும் இருப்பார். பாக்கியத்துக்காக நீங்களே சொல்லுங்கள். யோசித்துச் சொல்லுங்கள், தேவதாஸின் விரல் பொத்தான்மேல் இருக்கிறது.