மூன்று சொட்டு அதிகம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏ4 தாளிலிருந்து வந்தது. அதில் ஒன்பது விதிகள். ஒன்பதையும் எழுதியவன் நான்.

வாலாஜாபாத்தைத் தாண்டி, தனியார் தொழிற்பேட்டை ஒன்றுக்காகப் போட்டு, கட்டடம் எழும்பாமல் கிடக்கும் நேர் சாலை ஒன்று உண்டு. உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, ஆம்புலன்ஸை நிறுத்தி, காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே டிராக் ரேஸ் விடுகிறார்கள். இருநூறு மீட்டர், ஒரே நேர்கோடு, இரண்டிரண்டு பைக்காக. எந்த வண்டி எந்த வகுப்பில் ஓடலாம் என்று போன வருடம் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதனால் இந்த வருடம், “ரைட்டருதானே, தெளிவா எழுதுவாரு” என்று என்னிடம் வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

(இன்னொரு டீ சொல்லியிருக்கலாம்.)

2

எப்படித் தொடங்குவது? முதல் முயற்சி:

“பச்சை விளக்கு எரிந்ததும் சந்தியாவின் வண்டி சிங்கம் போல—”

வேண்டாம். நூறு சி.சி. வண்டி எதையும் சிங்கம் போலச் செய்யாது. அடுத்தது:

“ஐயம்பேட்டை சந்தியாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வேகம் என்றால்—”

இதுவும் வேண்டாம். அவளுடைய சின்ன வயதைப் பற்றி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வயது இருபத்து நான்கு, ஒரு பைக் ஷோரூமில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் வேலை, ஏழு பேர் கை மாறிய பழைய வண்டி ஒன்றை வாங்கித் தானே பிரித்து, தானே மாட்டியவள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதுவே போதும். நூறு சி.சி. வகுப்பு ஃபைனல். இடப்பக்கம் சந்தியா. வலப்பக்கம் மாகறல் பிரேம்நாத். பட்டுச்சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பவன் அவன். மஞ்சள், மஞ்சள், பச்சை! எழுதும்போதே கை பரபரக்கிறது. ஐம்பதாவது மீட்டரில் பிரேம்நாத் அரைச் சக்கரம் முன்னால். பின்னால் ஒரே புகை. மூன்றாவது கியரில் சந்தியா அவனை ஒட்டிவிட்டாள். டேங்க்கின் மேல் நெஞ்சைப் பதித்துப் படுத்தே விட்டாள்! கோட்டைத் தாண்டியபோது யார் முந்தியது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. டைமர் சொன்னது: சந்தியா 13.21 நொடி, பிரேம்நாத் 13.22. நான் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியிருக்கிறேன். வீடியோ இருக்கிறது, யாருக்கும் காட்டமாட்டேன்.

எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றால், ஒவ்வொரு வகுப்பிலும் ஜெயித்த ஒரே ஒரு பெயர் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே ஒரு டீம் நிஜப் பந்தய வண்டியைக் கொடுத்து ஒரு சீசன் முழுக்க ஓட்டச் சொல்லும். பெயரை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

3

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே பிரேம்நாத் வந்தான்.

“செம ஓட்டு சந்தியா. பிஸ்டன் புதுசா?”

“ஆமாபா. முக்கால் ஓவர்சைஸ். நானே பில் போட்டு நானே வாங்கிக்கினேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஒளிக்க அவளிடம் எதுவும் இல்லை. ஓடி ஓடித் தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுவது, அதாவது ரீபோர், எல்லாப் பழைய வண்டிக்கும் செய்கிற வைத்தியம். கம்பெனியே கால், அரை, முக்கால் மில்லிமீட்டர் கூடுதலாகப் பிஸ்டன் விற்கிறது.

பிரேம்நாத்தின் முகம் மாறியது. “அப்ப நான் ப்ரொடஸ்ட் பண்றேம்மா.”

என்ஜினைத் திறந்தார்கள். அளந்தவர் ஹயக்ரீவன். சின்னக் காஞ்சிபுரத்துக்காரர், பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ பையில் வெர்னியர் இருக்கும். மூன்று முறை அளந்து, மூன்று முறை பெருக்கினார்.

“நூறு புள்ளி ஒன்று மூன்று.”

அவ்வளவுதான் அதிகம், சி.சி.யில் நூற்றில் பதின்மூன்று பங்கு.*

* கண் மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்தேன். சுமார் மூன்று சொட்டு.

ஹயக்ரீவன் என்னுடைய தாளை எடுத்து உரக்கப் படித்தார். “விதி இரண்டு: என்ஜின் நூறு சி.சி.யைத் தாண்டக் கூடாது. விதி ஆறு: தேய்ந்த பாகத்துக்குப் பதிலாகக் கம்பெனி விற்கும் எந்தப் பாகத்தையும் போடலாம்.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ரெண்டையும் நீங்கதானே எழுதினேள்? எது செல்லும்னு நீங்களே சொல்லிடுங்கோ.”

[இங்கே ஒரு பக்கம் இருந்தது. கோயிலில் யார் முதலில் ஓதுவது என்பதற்கே கோர்ட் ஏறிய ஊர் எங்களுடையது, விதியை எழுதிவைத்தவன் உயிரோடு நிற்கும்போதே வழக்கு வருவது எங்களுக்குப் புதுசு என்றெல்லாம் எழுதியிருந்தேன். நழுவப் பார்க்கிறேன் என்று தெரிந்தது. கிழித்துவிட்டேன்.]

4

மணி நாலு நாற்பத்தெட்டு. கதையை இங்கே நிறுத்திவைத்துவிட்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. விதி இரண்டு செல்லும். “பிரேம்நாத் வெற்றி பெற்றான். சந்தியா புன்னகையுடன் அவன் கையைக் குலுக்கி—”

“நான் எதுக்கு சார் சிரிக்கணும்?” என்று கேட்கிறாள் சந்தியா. “பாகம் கம்பெனியுது. பில் இருக்குது. உங்க ஆறாவது ரூலப் படிச்சுட்டுதான் போட்டேன். தப்புன்னா அன்னிக்கே எழுதியிருக்கலாமில்ல?”

அடித்தேன்.

முடிவு ஆ. விதி ஆறு செல்லும். இதற்கு வசதியாகப் பிரேம்நாத்தை வில்லனாக்கப் பார்த்தேன். பொறாமைக்காரன், பெண்ணிடம் தோற்றதைத் தாங்காதவன் என்று அரைப் பக்கம் ஓட்டினேன். அதற்குள் அவன் சொன்னான். இது நான் அவனுக்கு எழுதிக் கொடுத்த வசனம் இல்லை. அந்தச் சாலையில், எல்லார் முன்னாலும், அவனாகச் சொன்னது:

“சார், என் வண்டிக்கும் ரீபோர் பண்ணணும். மெக்கானிக் முக்கால் போடலாம்னாரு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூறத் தாண்டுது. ரூல் ரெண்டு இருக்குதேன்னு பண்ணாம வுட்டேன். பொகை வுட்டுக்கினேதான் ஓட்னேன். டிசைன்ல ஒரு கட்டம் தப்புனா புடவை பூரா தப்பு வரும் சார். கட்டத்துல நிக்கிறவன் நான். நின்னது தப்பா?”

சந்தியா அவன் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். சைலன்சர் வாயெல்லாம் கரி. புகையைப் பார்த்திருக்கிறாள், ஆனால் விதிக்காகத்தான் அவன் சரிசெய்யாமல் விட்டான் என்பது அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

முடிவு இ. மறுபடியும் ஓடட்டும்! இதை எழுதும்போது துள்ளிக் குதித்தேன். என்ஜினைத் திறந்தபோது கிழிந்துபோன ஹெட் கேஸ்கட்டை ஹயக்ரீவன் தூக்கிக் காட்டினார்; அந்தத் தகடு இல்லாமல் என்ஜினை மூட முடியாது. ஞாயிற்றுக்கிழமை. புதுசு வேண்டுமென்றால் கடையைத் திறக்க வேண்டிய கவுண்டர்காரி இங்கேதான் நிற்கிறாள், சாவி அவள் முதலாளியிடம் இருக்கிறது. அதையும் அடித்தேன்.

5

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாலு புத்தகம் போட்டிருக்கிறேன். ஒருவரும் என்னை இப்படி வரி வரியாகப் படித்ததில்லை. ஒருத்தி ஆறாவது வரியை நம்பிப் பிஸ்டன் போட்டாள். ஒருத்தன் இரண்டாவது வரியை நம்பிப் போடாமல் விட்டான். வாழ்நாளில் எனக்கு வாய்த்த மிக நல்ல வாசகர்கள் இருவரும் ஒரே தார்ச் சாலையில், கையில் ஹெல்மெட்டோடு என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தலைகால் புரியாத சந்தோஷம். கூடவே பயம்.

“நேரம் ஆவுது சார்,” என்றாள் சந்தியா. “பாவம் பாத்து எதுவும் எழுதாதீங்க. ஜெயிச்சேனா தோத்தேனா, அத மட்டும் எழுதுங்க.”

“எனக்கும் அதான் சார்,” என்றான் பிரேம்நாத்.

ஹயக்ரீவன் பேனாவை நீட்டினார். அதை வாங்கி அப்படியே உங்கள் பக்கம் நீட்டுகிறேன். இரண்டு விதியும் இப்போது உங்களுக்குத் தெரியும், இரண்டு வண்டியும் தெரியும். நாலு ஐம்பத்து மூன்று.

நூறு சி.சி. வகுப்பு, முதலிடம்: ____________

எழுதிவிட்டுத் தாளை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பெயர் வராதவரிடம் போய் நின்று, முகத்தைப் பார்த்து, நீங்களே படித்துக் காட்ட வேண்டும். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. மூன்று தடவை எழுதியும் பார்த்துவிட்டேன். படித்துக் காட்டத்தான் என்னால் முடியவில்லை.